அங்கிட்டு

கோரிப்பாளையத்தில் பாலத்துக்குக் கம்பி கட்டுகிறவர்கள்
இரண்டாவது டீக்கு இறங்கிய நேரம்
நான்காவது முறையாக மறுத்தது
சான்றிதழ் தரும் சர்வர்.
பதிவு கிடைக்கவில்லை.
அவ்வளவுதான்.
தாலுகா ஆபீசில்கூட
இதைவிட நாலு வார்த்தை கூடப் பேசுவார்கள்.

தளம் நூர்ஜமீலாவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துடையது.
பழைய சான்றிதழ் பன்னிரண்டு மணியோடு செத்துவிட்டது.
விடிந்தால்
சர்க்கரை எவ்வளவென்று பார்க்க வருகிறவருக்கெல்லாம்
சிவப்பாக ஒரு பக்கம் விரியும்:
இந்த இடம் பாதுகாப்பானதல்ல.
சாயங்காலமே போனில் சொல்லியிருந்தார்:
"ரிப்போர்ட்டப் பாக்குறதுக்கு முன்னாடியே
பிரஷர ஏத்தி விட்றாதம்மா."

அது கேட்பது சின்ன விஷயம்.
பெயர் உன்னுடையதென்றால்
அதன் கீழே
நான் தரும் நாற்பத்து மூன்று எழுத்தை எழுதி வை,
வந்து பார்க்கிறேன்.

எழுதி வைத்தேன்.
வந்து பார்த்தது. இல்லை என்றது.

முதல் தடவை,
பெயருக்குப் பின்னால் நானும் பெயரை எழுத
டிஎன்எஸ்காரனும் தன் பங்குக்கு ஒட்ட
மாப்பிள்ளை பெயர் இரண்டு தரம் அச்சான
பத்திரிகை மாதிரி நின்றது பதிவு.
அடுத்தது,
காப்பி எடுத்ததில் கடைசியில் தொற்றிக்கொண்ட ஓர் இடைவெளி.
மூன்றாவதை அவசரம் என்று எழுதிக்கொள்ளலாம்,
பரவ விடாமல் கேட்டுவிட்டேன்.
நான்காவதுக்குக் காரணம் தெரியவில்லை.
ஐந்தும் தோற்றால் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிடுவான்.

கடைசியில், முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்:
இந்தப் பெயர் யார் சொல் கேட்டு நடக்கிறது?
இரண்டு நேம்சர்வர் பதில் வந்தது.
இரண்டும் செல்வின் காலத்தவை.

கணக்கைப் புது இடத்துக்கு மாற்றியிருந்தேன்,
ஒவ்வொரு பதிவையும் பார்த்துப் பார்த்து.
வாசல் போர்டை மட்டும் மாற்றவில்லை.
ஆக, மூன்று தப்பையும்
ஒழுங்காகத்தான் திருத்தியிருக்கிறேன்,
தப்பான இடத்தில்.

செல்வின் போய் இரண்டு வருடம்.
பன்னிரண்டாயிரம் ரூபாய் இடித்தது.
யார் கணக்கில் என்பது
இன்னும் தீரவில்லை.

ஒன்று நாற்பதுக்கு அடித்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
திருமங்கலத்தில் எங்கோ, பின்னால்
கூட்ஸ் ஒன்று முடியாமல் போய்க்கொண்டிருந்தது.
அது போய் முடியும்வரை கேட்டுவிட்டுச் சொன்னான்:
"நீ எழுதுனது அங்கிட்டு.
அவன் தேடுறது இங்கிட்டு.
இங்கிட்டு நான்ல இருக்கேன்.
எழுத்தச் சொல்லு, போட்டுர்றேன்."

வாட்ஸப்பில் அவனை பிளாக் செய்திருந்தேன்.
அதை நீக்கலாம் என்று
அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை.
வாயாலேயே சொன்னேன்.

பெரிய கே.
பெரிய கே.
சின்ன க்யூ.
சின்ன க்யூ.
ஏழு.
அடிக்கோடு.
எல்லா, ஐயா?
எல். எலுமிச்சைக்கு வர்ற எல்.
சைபரா, ஓவா?
சைபர்.

இருபதாவது எழுத்தில் ஒரு இருமல்.
முப்பதில் அவன் வீட்டில் யாரோ "யாருங்க" என்றார்கள்.
"வேல" என்றான்.
நாற்பத்து மூன்றையும்
திருப்பி வாசித்துக் காட்டினான்,
ஒன்றுகூடப் பிசகவில்லை.

இந்த முறை காத்திருந்தோம்,
போனை வைக்காமல், பேசாமல்.
ஐந்து நிமிடம் இருக்கும்.
இரண்டு பக்கமும் ஃபேன் ஓடும் சத்தம்.
ஐந்தாவது தடவை அழுத்தினேன்.
கிடைத்தது.

"தொண்ணூறு நாள்ல மறுபடி கேக்கும்."
"தெரியும்."
"நேம்சர்வர மாத்திக்க."
"மாத்துறேன்."
பன்னிரண்டாயிரத்தைப் பற்றி
அவனும் எடுக்கவில்லை.

மாற்றும் பக்கம் திறந்துதான் இருக்கிறது.
சேமி என்று ஒரு பொத்தான், நீல நிறத்தில்.
கரண்டு போய் யுபிஎஸ் கத்துகிறது,
வெளியே கம்பிகள் மறுபடி விழத் தொடங்கிவிட்டன.
நூர்ஜமீலாவுக்கு "சரியாயிருச்சு" என்று அனுப்பினேன்.
இரண்டேகால் மணிக்கு
நீல டிக் விழுந்தது.